மூன்று ரிப்போர்ட்டும் மூன்று விதமாகச் சொல்கின்றன, எதை நம்புவது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 43 வயது. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்பு தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததிலிருந்து குரலுக்குப் பதில் காற்றுதான் வருகிறது. இடது குரல் நாண் அசையவில்லை என்றார்கள். இப்போது என் கையில் மூன்று தாள்கள் இருக்கின்றன, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், பாதிப்பு லேசானது, வலது பக்கம் ஈடுகட்டுகிறது என்று எழுதியிருக்கிறார். குரல் பரிசோதனைக் கூடத்தில் நடுத்தரம் என்கிறார்கள். ‘ஆ’ என்று 6 விநாடிதான் இழுக்க முடிந்தது. முப்பது கேள்விப் படிவத்தில் 120க்கு 84 வந்து, கடுமை என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் அவர், “இப்போது நன்றாகத்தானே பேசுகிறாய்” என்கிறார். தலைமையாசிரியர் விடுப்பை நீட்டிக்கத் தயங்குகிறார். ஏழாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சைத் தாண்டி என் குரல் போவதில்லை. மாலையானால் கழுத்து இழுத்துப் பிடிக்கிறது. என் குரல் உண்மையில் எவ்வளவு கெட்டிருக்கிறது? நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பி.கு.: தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை.

பதில்: அன்புள்ள டீச்சர், உங்கள் பின்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்திலேயே அவசரமான வரி அதுதான்.

குரல் நாண்களின் முதல் வேலை பேச்சு அல்ல. விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழாயின் வாயை அடைப்பதுதான். ஒரு பக்க நாண் அசையாமல் நின்றுவிட்டால் அந்த மூடி சரியாகப் பொருந்தாது. சோறும் இட்லியும் ஒழுங்காக இறங்கிவிடும். தண்ணீர், மோர், காபி என்று ஓடுகிற பொருள்தான் இடுக்கில் நழுவும். நழுவியதை வெளியே தள்ள வேண்டிய இருமலும் இப்போது வலுவிழந்திருக்கும். வெடித்து வருவதற்குப் பதிலாகக் காற்றாகத்தான் வரும். அதனால் இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இதைச் சொல்லி, விழுங்கும் பரிசோதனை ஒன்று கேளுங்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, நீங்கள் குடிப்பதையும் சாப்பிடுவதையும் நேரில் பார்ப்பார்கள். அதுவரை செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்க வேண்டாம். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாயின் வாய் இன்னும் திறந்துகொடுக்கும். தம்ளரில் வாய் வைத்து, தலை நிமிராமல், சின்னச் சின்ன மடக்காகக் குடியுங்கள். பலவீனமான பக்கம் தலையைத் திருப்பி விழுங்குவது சிலருக்கு உதவும். உங்களுக்கு உதவுமா என்பதை அந்தப் பரிசோதனையில் பார்த்துச் சொல்வார்கள். நடுவில் காய்ச்சல், நெஞ்சுச் சளி, மூச்சு வாங்குதல் என்று எதுவும் வந்தால் அன்றே போய்விடுங்கள்.

உங்களிடம் இருக்கிற மூன்று தாளிலும் இந்தப் புரையேறல் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை.

சரி, குரலுக்கு வருவோம். வாதம் என்ற சொல்லைத் தாளில் பார்த்துப் பயந்திருந்தால், பக்கவாதத்தோடு இதற்குத் தொடர்பில்லை. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் ஒரு கிளைதான் குரல் நாணை அசைக்கிறது. அது நேராகத் தொண்டைக்கு வராமல், இடது பக்கத்தில் நெஞ்சுவரை இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு திரும்பக் கழுத்துக்கு ஏறுகிறது. ஏறும் வழியில் தைராய்டின் பின்புறத்தை ஒட்டியே போகிறது. அந்தச் சுரப்பியில் கத்தி வைக்கும்போது இந்த நரம்பு இழுபடவோ நசுங்கவோ வாய்ப்பு உண்டு. உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. ஆபரேஷன் எதுவும் இல்லாமலே நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மிப்போயிருக்கிற வாசகர்கள் இந்த வரியைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும்: கேமரா வைத்துப் பார்த்துவிடுங்கள். நாண் அசையவில்லை என்றால் நெஞ்சையும் சேர்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். நுரையீரல் கட்டி சில சமயம் முதலில் தன்னைக் காட்டிக்கொள்வது குரலில்தான்.

இப்போது அந்த மூன்று தாள்கள். மூன்றும் சரி. மூன்றும் ஒரே பொருளை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

கேமரா ரிப்போர்ட் அளந்தது நாணை. இடது நாண் எந்த இடத்தில் நின்றுவிட்டது, நடுக்கோட்டுக்குப் பக்கத்திலா, ஓரமாகவா, அது வில்போல வளைந்திருக்கிறதா, வலது நாண் கோட்டைத் தாண்டி வந்து அதைத் தொடுகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். உங்களுக்கு இடது நாண் நடுவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, வலது நாண் எட்டித் தொடுகிறது. ஆகவே லேசானது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தில் தெரியும் இடைவெளியை வைத்துக் குரல் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. இதற்கு மிகப் பெரிய சாட்சி, இரண்டு நாணும் செயலிழந்து நடுவிலேயே நின்றுவிட்டவர்கள். அவர்களில் பலருக்குக் குரல் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். ஆனால் மூச்சு போகிற வழி குறுகிப்போய், படியேறினால் இழுப்புச் சத்தம் கேட்கும். குரலை மட்டும் வைத்து ‘லேசு’ என்று யாராவது எழுதினால், அது உயிருக்கே ஆபத்தான தவறு.

இன்னொன்றும் இருக்கிறது. நாண்களின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டுகிற ஸ்ட்ரோபோஸ்கோப்பி விளக்கு, குரலின் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் விட்டுவிட்டு எரியும். குரல் மிகவும் காற்றாக இருந்தால் பிடிக்கச் சுருதியே கிடைக்காது, படம் தாறுமாறாகத் துள்ளும். யாருக்குக் குரல் அதிகம் கெட்டிருக்கிறதோ, அவர்களிடம்தான் அந்தக் கருவி குறைவாகச் சொல்லும்.

இரண்டாவது தாள் அளந்தது, கேட்கிற காதில் உங்கள் குரல் எப்படி விழுகிறது என்பதை. ‘ஜிஆர்பிஏஎஸ்’ என்று ஐந்து எழுத்தும் பக்கத்தில் எண்களும் இருக்கிறதல்லவா? ஜப்பானில் உருவான முறை இது. மினோரு ஹிரானோ என்ற மருத்துவர் 1981இல் எழுதிய புத்தகத்தின் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. ஜி மொத்தக் கோளாறு. ஆர் கரகரப்பு. பி காற்றொழுகல். ஏ வலுவின்மை, நம் பேச்சில் ஈனக்குரல் என்போமே, அது. எஸ் இறுக்கம், முக்கிப் பேசுவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண். உங்களுடையது ஜி2, ஆர்1, பி2, ஏ2, எஸ்2.

என் கண் அந்தக் கடைசி எண்ணில்தான் நின்றது. நரம்பு செயலிழந்த குரலுக்கு இயல்பான அடையாளம் காற்றும் தளர்ச்சியும்தான். இறுக்கம் பின்னால் வந்து சேர்வது. ஓடிப்போகிற காற்றைப் பிடித்து நிறுத்த, நாண்களுக்கு மேலே இருக்கும் போலி நாண்களையும் கழுத்துத் தசைகளையும் சேர்த்து நெருக்குகிறீர்கள். அப்படி நெருக்கினால் காற்றுச் சத்தம் குறையும். கேட்கிறவர்களுக்கு, அதுவும் வீட்டில் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, ‘முன்னைக்கு இப்போது பரவாயில்லை’ என்று தோன்றும். உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை. அந்தப் ‘பரவாயில்லை’க்கு விலையாக மாலையில் உங்கள் கழுத்து இழுக்கிறது. பி குறைந்து எஸ் ஏறினால் நான் அதை முன்னேற்றம் என்று எழுத மாட்டேன். அதனால் ஜிக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

காதால் மதிப்பிடுவதில் ஒரு பலவீனமும் உண்டு. மிக மோசமான ஒரு குரலைக் கேட்ட கையோடு அடுத்தவர் வந்தால், அவருடைய குரல் நல்லதாகத் தோன்றும். எனக்கே நடக்கும். அதனால் பதிவு செய்த குரலை, யாருடையது, ஆபரேஷனுக்கு முன்பா பின்பா என்று சொல்லாமல், கூட வேலை செய்பவரிடம் கொடுத்துத் தனியாக எண் போடச் சொல்வேன்.

அதே தாளின் கீழே ஜிட்டர், ஷிம்மர் என்று கணினி தந்த எண்கள் இருக்கின்றன. அதிர்வுக்கு அதிர்வு சுருதியும் ஓசையளவும் எவ்வளவு தடுமாறுகின்றன என்பதன் கணக்கு அவை. தசமத்தோடு வருவதால் நம்பத் தோன்றும். ஆனால் ஓரளவாவது ஒழுங்காக அதிர்கிற குரலில்தான் இந்தக் கணக்கு செல்லும். குரல் முழுக்க இரைச்சலாக இருந்தால் எங்கே ஒரு அதிர்வு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே கணினிக்குத் தெரியாது, ஏதோ ஒரு எண்ணைத் துப்பும். உங்கள் தாளில் நான் அவற்றைத் தாண்டிப் போய்விட்டேன்.

நான் நின்று படித்தது 6 விநாடியை. எளிய பரிசோதனை, ஒரு கடிகாரம் போதும். மூச்சை நிறைய இழுத்து ‘ஆ’ என்று முடிகிற மட்டும் இழுக்க வேண்டும், மூன்று முறை, நீளமானதை எடுத்துக்கொள்வோம். நல்ல குரலுள்ள பெண்கள் பொதுவாக 15 விநாடிக்கு மேல் போவார்கள். 10க்குக் கீழே வந்தால் யோசிக்க வேண்டியதுதான். உங்கள் நுரையீரலிலிருந்து வெளிவருகிற காற்று சுமார் 3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாண்கள் விநாடிக்கு 150 மில்லி லிட்டர் அளவில் செலவழித்தால் 20 விநாடி தாங்கும். 6 விநாடியில் தீர்ந்துபோகிறது என்றால் விநாடிக்கு 500 மில்லி செலவாகிறது. மூன்று மடங்குக்கு மேல். ஒரு செய்யுளின் முதல் அடியிலேயே மூச்சு தீர்வதும், இரண்டு பீரியட் முடிவதற்குள் தலை கிறுகிறுப்பதும் இதனால்தான். உங்களுக்குச் சோம்பலுமில்லை, மனப்பிரமையுமில்லை.

இதோடு சேர்த்துச் செய்கிற இன்னொரு சோதனை பற்றித் தமிழாசிரியையான உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. பாம்பு சீறுவதுபோல ‘ஸ்’ என்று இழுக்கும் நேரத்தை, அதே ஒலியை நாணும் அதிர இழுக்கும் நேரத்தால் வகுப்பார்கள். விகிதம் 1.4க்கு மேல் போனால் நாண்கள் சரியாக மூடவில்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டாவது ஒலி ஆங்கிலத்தின் கடைசி எழுத்தினுடையது. தமிழில் அந்த ஒலி கிடையாது. நம்மில் பலர் அதையும் ‘ஸ்’ என்றே இழுத்துவிடுவார்கள், விகிதம் 1 என்று வந்து, எல்லாம் சரி என்று தாளில் ஏறிவிடும். வண்டு ரீங்காரம் போடுவதுபோல என்று சொல்லி, கையைத் தொண்டையில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் செய்த பிறகே நான் கடிகாரத்தை அழுத்துவேன். உங்கள் தாளில் அந்த விகிதம் 1.0 என்று இருக்கிறது. 6 விநாடியோடு அது ஒட்டவே இல்லை. திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது தாள், அந்த முப்பது கேள்விகள். 1997இல் வெளிவந்த படிவம் இது. குரலால் உங்கள் வாழ்க்கை எங்கெங்கே தடைபடுகிறது என்று உங்களையே கேட்கிறது. அன்றாடக் காரியம், உடம்பு, மனது என்று மூன்று பகுதி, பகுதிக்குப் பத்துக் கேள்வி, கேள்விக்கு 0 முதல் 4. 60க்கு மேல் போனால் கடுமை என்பார்கள். மொத்தத்தைவிடப் பகுதிகளைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அன்றாடக் காரியத்தில் 32, உடம்பில் 30, மனதில் 22. கவலைதான் எண்ணை ஏற்றிவிட்டது என்றால் மனதின் பகுதி முந்தியிருக்கும். உங்களுக்கு அதுதான் குறைவு. சத்தமுள்ள அறையில் மற்றவர்களுக்குக் கேட்பதில்லை, வேலை பாதிக்கிறது, பேச முயற்சி தேவைப்படுகிறது என்ற கேள்விகளில்தான் 4 போட்டிருக்கிறீர்கள். பெரிதுபடுத்துகிறவரின் படிவம் இப்படி இருக்காது.

இதே நாண், இதே இடைவெளி, வீட்டில் தையல் வேலை பார்க்கிற ஒருவருக்கு இருந்தால் அவருடைய எண் 30ஐத் தாண்டாமல் இருக்கலாம். அதுவும் உண்மைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருவர் வந்தார், தள்ளுவண்டியில் கீரை விற்பவர். அவருக்கும் இடது பக்கம்தான். என் அறையில், மின்விசிறியையும் அணைத்துவிட்ட அமைதியில், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ‘ஆ’ 11 விநாடி. ஜி1 என்று எழுதினேன். “நல்லா இருக்குங்க, பயப்படாதீங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரமே வந்து நின்றார். “தெருவில கூவ முடியலம்மா” என்றார். கூவிக் காட்டச் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்து, கன்னத்துக்குப் பக்கத்தில் கையைக் குவித்து, ‘கீரே’ என்று எடுத்தார். இரண்டாவது எழுத்தில் குரல் பிளந்து, காற்றாகி, நின்றுபோனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. மூன்று வாரமாகப் பாதிக் கட்டு கீரை வாடித் திரும்பியிருக்கிறது. நான் அளந்தது பேச்சை. அவர் பிழைத்தது கூவலில். வந்த முதல் நாளே, ‘தெருவில் எப்படிக் கூப்பிடுவீர்கள், கூப்பிட்டுக் காட்டுங்கள்’ என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து யார் வந்தாலும் அவருடைய பிழைப்புக்குரிய குரலைக் கேட்காமல் எண் போடுவதில்லை. ஆசிரியர் என்றால் அறையின் ஒரு மூலையில் அவரை நிறுத்தி, வராந்தாச் சத்தம் வர ஜன்னலைத் திறந்துவிட்டு, வருகைப் பதிவு எடுக்கச் சொல்வேன்.

உங்களை அமைதியான அறையில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார வைத்துச் சோதித்திருக்கிறார்கள். வகுப்பில் பேச்சு தெளிவாகப் போய்ச் சேர, சுற்றுச் சத்தத்தைவிடச் சுமார் 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும். அந்த உரத்த குரலை உங்களிடம் யாரும் கேட்டுப் பார்க்கவே இல்லை.

ஆகவே என் பதில்: நாணில் பாதிப்பு லேசு. கேட்கிற குரலில் நடுத்தரம், அதுவும் இறுக்கிப் பிடித்து வாங்கிய நடுத்தரம். ஆசிரியர் வேலைக்கு, கடுமை. சிகிச்சை முடிவுக்கும் விடுப்புக்கும் கணக்கில் எடுக்க வேண்டியது மூன்றாவதைத்தான். சான்றிதழில் ‘இடது குரல் நாண் செயலிழப்பு’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். ஒரே மூச்சில் எத்தனை விநாடி குரல் வருகிறது, எத்தனை நிமிடம் தொடர்ந்து பேச முடிகிறது, சத்தமுள்ள இடத்தில் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தலைமையாசிரியருக்கு நோயின் பெயரைவிட இது புரியும்.

நான்கு மாதம் என்பது முக்கியமான கட்டம். நரம்பு அறுபடாமல் நசுங்கியோ இழுபட்டோ மட்டும் இருந்தால் தானாகத் திரும்பி வர இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் நிரந்தர ஆபரேஷனுக்கு வழக்கமாக 9 முதல் 12 மாதம் வரை பொறுப்பார்கள். கழுத்தில் சின்ன ஜன்னல் திறந்து நாணை நடுவுக்குத் தள்ளி வைக்கும் அந்த முறையை ஜப்பானின் இஷிகி 1974இல் வகுத்துக் கொடுத்தார். ஆனால் நிரந்தரத்துக்குப் பொறுப்பது என்றால் அதுவரை சும்மா இருக்க வேண்டும் என்றில்லை. சில மாதத்தில் தானே கரைந்துவிடுகிற ஜெல்லை ஊசியில் செலுத்தி நாணைப் பருக்க வைக்கலாம். நரம்பு திரும்பி வந்தால் நஷ்டமில்லை, ஜெல் போய்விடும். உங்களுக்கு இருக்கும் புரையேறலுக்கும் அது பல சமயம் உதவும். கேமரா ரிப்போர்ட்டில் ‘லேசு’ என்று இருப்பதால் இந்தப் பேச்சு எழாமலே போயிருக்கலாம், நீங்களாகக் கேளுங்கள். குரல்வளைத் தசையில் ஊசி வைத்து நரம்பு உயிர்ப்பெடுக்கிறதா என்று பார்க்கும் ஈஎம்ஜி சோதனைக்கும் இது ஏற்ற நேரம். உங்கள் ஊரில் வசதி இல்லாவிட்டால் எங்கே செய்வார்கள் என்று உங்கள் டாக்டரே சொல்வார்.

குரல் பயிற்சியை இப்போதே தொடங்கலாம். முதல் வேலை அந்த இறுக்கத்தை அவிழ்ப்பது. சுவரைத் தள்ளிக்கொண்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு குரல் கொடுக்கும் பழைய பயிற்சியை யாராவது சொல்லிக்கொடுத்தால் உங்கள் நிலையில் வேண்டாம், எஸ் இன்னும் ஏறும். தொண்டையைச் செருமாதீர்கள், ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குங்கள், மேலே சொன்ன விதத்தில். வகுப்புக்குத் திரும்பும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற சின்ன ஒலிபெருக்கியும் காதோரம் மைக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு கத்தக் கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேச வேண்டும்.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஒரே அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். தேதியைச் சொல்லிவிட்டு ‘ஆ’ மூன்று முறை. பிறகு ஏழாம் வகுப்புப் பாடத்தில் ஒரே பத்தி, எப்போதும் அதே பத்தி. கடைசியில், பின்பெஞ்சுப் பையனைக் கூப்பிடுவதுபோல ஒரு பெயரை உரக்கக் கூப்பிடுங்கள். காலையில் ஒன்று, பள்ளி முடிந்ததும் ஒன்று. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஆஸ்பத்திரித் தாளிலும் பார்க்க முடியாது. முப்பது கேள்விப் படிவத்தை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். 84 என்பது 78 ஆனால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 18 எண்ணாவது இறங்கினால்தான் நிஜமான மாற்றம் என்பது அந்தப் படிவத்தை உருவாக்கியவர்கள் வைத்த அளவு.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது முதலில் புரையேறலைச் சொல்லுங்கள். அப்புறம் காலைப் பதிவையும் மாலைப் பதிவையும் போட்டுக் காட்டுங்கள். மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை என்று எனக்கு எழுதினீர்களே, அதை அப்படியே அவரிடமும் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.